உதவித்தொகைக்கு முந்தைய முப்பத்து மூன்று மாதங்கள்

நான் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தது 2022 ஜூலை மாதத்தில். மாத உதவித்தொகை என்ற ஒன்று முதன்முதலாக என் வங்கிக் கணக்கில் ஏறியது 2025 ஏப்ரலில். இடையில் முப்பத்து மூன்று மாதங்கள். அந்தக் காலத்தில் என் ஆய்வைத் தாங்கியது கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைக்கப்பட்டிருந்த அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி. சேருவதற்கு முன்பு விவரம் தெரிந்த யாராவது ஒருவர் என்னை அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசியிருந்தால், குறைந்தது ஓராண்டையும் கைவிட்டுப் போன பணத்தில் பாதியையும் மிச்சப்படுத்தியிருப்பேன். கலைப் பாடங்களிலும் சமூக அறிவியலிலும் ஆய்வுக்குச் சேர நினைப்பவர்களுக்கும், சேர்ந்துவிட்டு முதல் ஆண்டில் திண்டாடிக்கொண்டிருப்பவர்களுக்கும் அந்த அரை மணி நேரப் பேச்சாக இது இருக்கட்டும் என்று எழுதுகிறேன். அறிவியல் துறை நண்பர்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. அவர்களுக்கு நெறியாளரின் ஆய்வுத் திட்டத்தில் ஓர் இடமாவது கிடைக்க வாய்ப்புண்டு. எங்கள் துறைகளில் நெறியாளரே கைக்காசு போட்டுத்தான் கருத்தரங்குக்குப் போய்வருகிறார்.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கிறது. அப்பா உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். நான் இளங்கலை படிக்கும்போதே காலமாகிவிட்டார். அம்மா தையல் வேலை செய்கிறார். தம்பி அப்போதுதான் பாலிடெக்னிக் முடித்திருந்தான். உப்பு என்றதும் 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போனதை எல்லோரும் சொல்வார்கள். அளத்தில் பாத்தி மிதித்தவர்களும் உப்பு வாரியவர்களும் யார், அவர்களுக்குக் கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது, மழைக்காலத்தில் வாங்கிய முன்பணம் எப்படி அடுத்த ஆண்டுக் கடனாக மாறியது என்பதையெல்லாம் அறிய எனக்கு ஆசை. இதற்கான பழைய வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தலைப்பைத் தேர்ந்தெடுத்தபோது எனக்குப் புரியாமல் போனது இதுதான்: அந்தத் தலைப்பை ஏற்றுக்கொண்ட நாளிலேயே, சென்னையில் மாதக்கணக்கில் தங்கும் செலவையும் நான் ஏற்றுக்கொண்டிருந்தேன். உள்ளூர் நூலகத்தை வைத்து முடியும் தலைப்புகள் உண்டு, கள ஆய்வுக்கு ஊர் ஊராகப் போக வேண்டியவை உண்டு, என்னுடையது போல வெளியூர் ஆவணத்தை நம்பியவையும் உண்டு. இவற்றில் உங்களுடையது எது என்பதை நெறியாளரிடம் விவாதிக்கும் நாளிலேயே, ஒரு தாளில் எத்தனை நாள், எங்கே தங்குவது, யார் பணம் என்று எழுதிப் பார்த்துவிடுங்கள். எனக்கு அந்தத் தாளை எழுதும் துணிச்சல் வந்தது இரண்டாம் ஆண்டில்தான்.

முதல் தவறு பதிவுப் படிவத்திலேயே நடந்தது. அப்போது நான் ஒரு தனியார் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் மாதம் 12,000 ரூபாய் சம்பளத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "பார்ட் டைம் போட்டுக்கோம்மா, சம்பளமும் வரும், பட்டமும் வரும்" என்று அங்கிருந்த மூத்த பேராசிரியர் அக்கறையோடுதான் சொன்னார். நானும் ஓர் அரசுக் கல்லூரியின் ஆய்வு மையத்தில் பகுதி நேர ஆய்வாளராகப் பதிவு செய்தேன். அதன்பிறகு ஒவ்வோர் உதவித்தொகை அறிவிப்பாகப் படிக்க ஆரம்பித்தபோது, எல்லாவற்றிலும் இரண்டாவது அல்லது மூன்றாவது வரியிலேயே 'முழுநேர ஆய்வாளர்' என்ற சொல் நின்றது. 2023 மே மாதம் வேலையை விட்டுவிட்டு முழுநேரத்துக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பித்தேன். பழைய கல்லூரியின் விடுவிப்புச் சான்று, நெறியாளரின் ஒப்புதல், ஆய்வுக் குழுவின் பரிந்துரை, மாற்றக் கட்டணம் என்று ஐந்து மாதங்கள் ஓடி, ஆணை கையில் கிடைத்தது அக்டோபரில். அந்த ஐந்து மாதமும் எனக்குச் சம்பளமும் இல்லை, முழுநேர ஆய்வாளர் என்ற தகுதியும் இல்லை. அந்தச் சமயத்தில்தான், 2023-இல், முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்துக்கான அறிவிப்பும் வந்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் முழுநேரமாக ஆய்வு செய்பவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய் வீதம் மூன்றாண்டுகள் தரும் திட்டம். ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வை எழுத வேண்டும். என் மாற்றக் கோப்பு ஏதோ ஒரு மேசையில் கிடந்ததால் விண்ணப்பிக்கவே முடியவில்லை. குடும்பச் சூழலால் வேலையை விடவே முடியாது என்றால் பகுதி நேரப் பதிவில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் உதவித்தொகையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பகுதி நேரத்தில் பதிவு செய்யாதீர்கள். தேர்வில் வென்ற பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் அந்த ஐந்து மாதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி பார்க்கும் நெட் என்ற தேசியத் தேர்வைப் பற்றிய என் அறியாமை. 2022 பிப்ரவரியில் வந்த முடிவில் நான் உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் பெற்றிருந்தேன்; இளநிலை ஆய்வு உதவித்தொகை, அதாவது ஜே.ஆர்.எஃப்., சில மதிப்பெண்களில் போயிற்று. நெட் தேறியவர்களுக்கு ஏதாவது ஒரு தொகை தருவார்கள் என்ற மங்கலான நம்பிக்கை எனக்கு இருந்தது. ஜே.ஆர்.எஃப். இல்லாதவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் தரும் 'நான்-நெட்' உதவித்தொகையைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டதன் விளைவு அது. அந்தத் தொகை மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே. 2015-இல் அதையும் நிறுத்தப் பார்த்தார்கள். தில்லியில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அலுவலகத்துக்கு முன்னால் மாணவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேரும் ஒருவருக்கு ஜே.ஆர்.எஃப். இல்லாத நெட் சான்றிதழ் வேலைக்கு உதவும், ஆய்வுக்குப் பணமாக மாறாது. என் வகுப்புத் தோழி ஒருத்தி மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்து அந்த எட்டாயிரத்தை மாதாமாதம் வாங்கினாள். அது விடுதிக்கும் சாப்பாட்டுக்குமே சரியாக இருந்தது என்பாள். இருந்தாலும் அவள் வீட்டில் யாரும் நகையை அடகு வைக்கவில்லை. எங்கே சேருவது என்று முடிவெடுக்கும்போது நெறியாளர், பாடம், ஊர் ஆகியவற்றோடு இதையும் நிறுத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாற்ற ஆணை வருவதற்கு முன்பே இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் முனைவர் பட்ட உதவித்தொகை அறிவிப்பைப் பார்த்திருந்தேன். 1969-இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. மாதம் 20,000 ரூபாயும், ஆண்டுக்கு 20,000 ரூபாய் இதரச் செலவுத் தொகையும் இரண்டாண்டுகளுக்குத் தருகிறது. வரலாறு அவர்களுடைய முதன்மைப் பாடங்களில் இல்லை என்றாலும், நவீனச் சமூக வரலாறு சார்புத் துறையாகப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே உப்பளக் கூலி அங்கே தாராளமாகப் பொருந்தும் என்று ஆணை வந்த கையோடு ஆய்வு முன்வரைவு எழுத உட்கார்ந்தேன். தகுதிப் பகுதியை நிதானமாகப் படித்தபோதுதான் 'உறுதி செய்யப்பட்ட பதிவு' என்ற நிபந்தனை கண்ணில் பட்டது. நம் பல்கலைக்கழகங்களில் முதலில் கிடைப்பது தற்காலிகப் பதிவு. பாடநெறித் தாள்களை எழுதி, முடிவு வந்து, ஆய்வுக் குழு கூடிய பிறகுதான் உறுதிக் கடிதம் தருவார்கள். நான் தாள்களை எழுதி ஏழு மாதமாகியும் முடிவு வரவில்லை. விசாரிக்கப் போனால் "வரும்மா, எல்லாருக்கும் சேர்த்துத்தான் போடுவாங்க" என்ற பதில் கிடைக்கும். நானும் நம்பித் திரும்பிவிடுவேன். எழுத்து மூலம் கேட்டிருக்க வேண்டும். நெறியாளர் மேடம் கடைசியில் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பியதும் மூன்றே வாரத்தில் முடிவு வெளியானது. அதற்குள் விண்ணப்பத் தேதி கடந்திருந்தது. ஆய்வின் தொடக்கத்தில்தான் பணம் அதிகம் தேவைப்படுகிறது, தொடக்கத்தைத் தாண்டியவர்களுக்குத்தான் பணம் தருகிறார்கள். இந்த முரண்பாட்டை நம்மால் மாற்ற முடியாது. பாடநெறியை விரைந்து முடித்து உறுதிக் கடிதத்தைக் கையில் வாங்குவது மட்டும் ஓரளவு நம் வசத்தில் இருக்கிறது. அதனால் முதல் ஆண்டில் கட்டுரை வாசிக்க ஊர் ஊராகப் போவதைவிட அந்தக் கடிதத்தின் பின்னால் போவது லாபம். விண்ணப்பத்தை நிறுவனத் தலைவரின் கையொப்பத்தோடு அனுப்ப வேண்டியிருப்பதால், அந்தக் கையொப்பத்துக்கு இரண்டு வாரமாவது ஒதுக்கி வையுங்கள்.

இதற்கிடையே சென்னைப் பயணங்கள் தொடங்கியிருந்தன. முதல் பயணம் ஒன்பது நாள். பெரிய துணிச்சலோடு போனவள் முதல் நான்கு நாளையும் அட்டவணைத் தொகுதிகளைப் புரட்டுவதிலேயே செலவழித்தேன். எந்த ஆண்டு, எந்தத் தொகுதி, எந்த எண் என்று தெரியாமல் கோப்பு கேட்க முடியாதல்லவா. ஐந்தாம் நாள் ஒரு கட்டு வந்தது. துணி நாடாவை அவிழ்த்ததும் ஓரங்கள் பொடிந்து மேசையில் தவிடு மாதிரி விழுந்தன. மூச்சுவிடக்கூட பயமாக இருந்தது. அதற்குள் ஓர் உதவிக் கண்காணிப்பாளரின் குறிப்பு: அளத்தில் கூலி கேட்டு வேலைக்கு வராமல் நின்றவர்களைப் பற்றி நான்கே வரி. அந்த நான்கு வரிக்கு எனக்கு ஆன செலவு, தங்கும் விடுதி நாளொன்றுக்கு 350 ரூபாய் வீதமும் சாப்பாடும் ரயிலும் சேர்த்து, ஏறக்குறைய ஆறாயிரம். இப்போதைய அனுபவத்தோடு போயிருந்தால், முதலில் வீட்டிலிருந்தே தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் அச்சிட்ட ஆண்டறிக்கைகளையும் சட்ட நூல்களையும் படித்து, அவற்றின் அடிக்குறிப்புகளிலிருந்து கோப்பு எண்களைக் குறித்துக்கொண்டிருப்பேன். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலையும் போவதற்கு முன்பே தேடிப் பார்த்துவிடலாம். முன்பு இதே காலகட்டத்தில் ஆய்வு செய்தவர்களின் ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் கிடைக்கின்றன; அவற்றின் பின்பக்கத் துணைநூற்பட்டியல் ஓர் அட்டவணைத் தொகுதிக்குச் சமம். மூன்றாவது பயணத்திலிருந்து நான் சென்னையில் இறங்கும்போதே இருபது கோப்பு எண்கள் கையில் இருந்தன. ஏழு பயணங்களிலும் சேர்த்து அறுபத்திரண்டு நாள் தங்கியதற்கு மொத்தம் 58,000 ரூபாய் ஆயிற்று. அதில் கால்பங்கு அறியாமைக்குக் கொடுத்த விலை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த மடிக்கணினியும் இரண்டு குறிப்பேடுகளும் போயின. புகைப்படமாக எடுத்திருந்த கோப்புகள் கூகுள் டிரைவில் இருந்ததால் பிழைத்தேன். பென்சிலால் எழுதிய குறிப்புகளை ஒவ்வொரு தாளாகப் பிரித்து, தையல் மிஷின் மேல் பரப்பி உலர்த்திக் கொடுத்தது அம்மாதான். அப்போது அவர் கேட்டதை என்னால் மறக்க முடியாது: "அளத்துக்காரங்களுக்கு மழை மூணு மாசந்தான். ஒனக்கு என்னட்டி, வருசம் பூரா மழையா இருக்கு?" பதில் சொல்லத் தெரியாமல் சிரித்துவைத்தேன். அன்று இரவு, ஆய்வை விட்டுவிட்டுப் பழைய கல்லூரிக்கே போய்ச் சேரலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். புது மடிக்கணினிக்கு 38,000 ரூபாய். சங்கிலி கூட்டுறவுச் சங்கத்துக்குப் போயிருந்தது அதற்கு முன்பே, வேலையை விட்ட அடுத்த மாதத்தில். வாங்கிய 90,000 ரூபாயில் மிச்சம் இருந்ததை வழித்துத்தான் கணினி வாங்கினேன்.

அந்த இருண்ட மாதத்தில் ஒரு நல்லது நடந்தது. வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆய்வை முடித்திருந்த மூத்த மாணவி ஒருவர், அக்கா என்றுதான் அழைப்பேன், என் ஆய்வு முன்வரைவை வாங்கிப் படித்தார். தலைப்பு 'தமிழ்நாட்டு உப்புத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார வரலாறு, 1800–1947' என்று இருந்தது. பத்துப் பக்கம் முழுவதும் உப்பின் பெருமை: கிழக்கிந்தியக் கம்பெனி 1805-இல் மதராஸ் மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது முதல் தண்டி யாத்திரை வரை எல்லாம் இருந்தன. அக்கா படித்துவிட்டு, "எல்லாம் சரி தங்கச்சி, இதுல நீ என்ன தேடப் போறேன்னு எங்க இருக்கு? பணம் கொடுக்கறவங்க அதைத்தானே தேடுவாங்க?" என்றார். இருவரும் உட்கார்ந்து மூன்று இரவு வெட்டினோம். தலைப்பு 'தூத்துக்குடி அளங்களில் கூலி, முன்பணம், கடன்: 1889 மதராஸ் உப்புச் சட்டம் முதல் 1930 வரை' என்று சுருங்கியது. முதல் பக்கத்திலேயே கேள்வி ஒன்று. அடுத்து, அதற்கு விடை இருக்கக்கூடிய ஆவணத் தொகுதிகளின் பெயர், அவற்றில் இதுவரை பார்த்தவை எத்தனை, பார்க்க வேண்டியவை எத்தனை, அதற்கு எத்தனை நாள் தேவை. செலவுப் பகுதியில் 'பயணச் செலவு ரூ. 50,000' என்று மொத்தமாக இருந்ததை அடித்துவிட்டு, பதினெட்டு நாள் தங்கல், இரண்டு ரயில் பயணம், முந்நூறு பக்கப் படியெடுப்பு என்று பிரித்து எழுதியபோது மொத்தம் 24,600 வந்தது. இதை ஒரு சிறிய தனியார் அறக்கட்டளைக்கு அனுப்பினேன். 2024 பிப்ரவரியில் 25,000 ரூபாய் அனுமதித்தார்கள். தொகை சிறியது. ஆனால் என் கேள்விக்கு முன்பின் தெரியாத ஒருவர் காசு கொடுத்திருக்கிறார் என்பதே அன்று பெரிய தெம்பாக இருந்தது. பெரிய உதவித்தொகைக்குக் காத்திருக்கும் காலத்தில் இப்படிப்பட்ட குறுகிய காலப் பயண உதவிகளைத் தேடுவது நல்லது. இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் குழுவும் ஆவணங்களைத் திரட்டப் போகும் ஆய்வாளர்களுக்குப் பயண உதவி வழங்குகிறது. மெய்யியல் மாணவர்களுக்கு அதேபோலத் தனி ஆராய்ச்சிக் குழு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்து ஆவணங்களைப் பார்க்க வேண்டியவர்கள் சார்லஸ் வாலஸ் இந்திய அறக்கட்டளையின் குறுகிய கால உதவியை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

தேடத் தொடங்கிய பிறகுதான், எனக்குப் பொருந்தாவிட்டாலும் என்னைச் சுற்றி இருந்தவர்களுக்குப் பொருந்தக்கூடிய திட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்பது தெரிந்தது. உடன்பிறப்பு இல்லாத ஒற்றைப் பெண் பிள்ளைகளுக்கு மானியக் குழுவின் சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே உதவித்தொகை இருக்கிறது, ஜே.ஆர்.எஃப். அளவுக்கே பணம் தருகிறார்கள், முழுநேர ஆய்வாளராக இருக்க வேண்டும். எங்கள் ஆய்வு மையத்திலேயே தகுதியுள்ள ஒரு பெண் இரண்டாண்டாக அதைத் தெரியாமல் இருந்தாள். தம்பி இருப்பதால் எனக்கு அது இல்லை என்று சொன்னபோது, "நான் வேணா ஓடிப்போயிரட்டுமா" என்றான் அவன். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கும் கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கும் முழுநேர ஆய்வுக்கென ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகையைத் தமிழ்நாடு அரசு தருகிறது. குடும்ப வருமான வரம்பு உண்டு. மத்திய அரசின் பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர் தேசிய உதவித்தொகைகள் பெரும்பாலும் நெட் மதிப்பெண்ணை ஒட்டியே வழங்கப்படுகின்றன. ஆகவே நெட் விண்ணப்பத்தில் பிரிவைத் தவறாகக் குறித்தால் பின்னர் அழுது பயனில்லை. அதே சமயம் ஒரு திட்டம் இன்றைக்கு இருக்கிறது என்பதை நம்பி ஐந்தாண்டுத் திட்டம் போடக் கூடாது. சமூகவியல் ஆய்வுக்குச் சேர்ந்த என் தோழி ஒருத்தி மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை நம்பியிருந்தாள். 2022 டிசம்பரில் அது நிறுத்தப்படுவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்துவிட்டார்கள். அவள் இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை.

எனவே மீண்டும் நெட். 2024 ஜூன் 18 அன்று, தாளில் வட்டமிடும் முறையில் தேர்வெழுதினேன். அவ்வளவு நன்றாக நான் அதுவரை எழுதியதே இல்லை. மறுநாள் இரவு தேர்வை ரத்து செய்துவிட்டார்கள். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வு. அன்று எத்தனை வீட்டில் சாப்பிடாமல் படுத்தார்களோ தெரியாது, எங்கள் வீட்டில் மூன்று பேரும் படுத்தோம். ஆகஸ்டு 21-இல் தொடங்கிய மறுதேர்வைக் கணினியில் எழுதினேன். அக்டோபரில் முடிவு வந்தது, ஜே.ஆர்.எஃப். கிடைத்தது. அந்த ரத்தினால் எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் போயிற்று. ஏற்கெனவே ஆய்வில் சேர்ந்துவிட்டவர்களுக்கு முடிவு வந்த நாளுக்கு முந்தைய காலத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்பதால், அது நேரடியாகப் பண இழப்பு. வயது வரம்பையும் இங்கே சொல்ல வேண்டும். பொதுப் பிரிவு ஆண்களுக்கு ஜே.ஆர்.எஃப். வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டு தளர்வு உண்டு. 'இன்னொரு தடவை எழுதிக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டு வரம்பைத் தாண்டிய அண்ணன்மார் இருவரை எனக்குத் தெரியும்.

முடிவு வந்ததும் அடுத்த மாதமே பணம் வந்துவிடும் என்று நினைத்தது என் கடைசி அறியாமை. என் கல்லூரி, பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தில் அங்கீகாரத்தையும் நிதியுதவி பெறும் தகுதியையும் குறிக்கும் 2(எஃப்), 12(பி) பிரிவுகளின்கீழ் இருக்கிறதா என்று பார்த்துச் சேர்ந்திருந்தேன், அது சரி. ஆனால் பணம் வருவது கனரா வங்கியின் உதவித்தொகை இணையதளம் வழியாக. அதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 'மேக்கர்', 'செக்கர்' என்று இரண்டு பயனர் கணக்குகள் உண்டு. முதலாமவர் ஆய்வாளரின் விவரங்களை ஏற்ற வேண்டும், இரண்டாமவர் ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகும் மாதாமாதம் இருவரும் வருகையை உறுதிப்படுத்தினால்தான் அந்த மாதத் தொகை வரும். எங்கள் கல்லூரியில் கலைப் பிரிவில் பல ஆண்டுகளாக ஜே.ஆர்.எஃப். பெற்றவர் யாரும் இல்லை. மேக்கர் கணக்கு ஓய்வு பெற்றுப்போன ஒரு கண்காணிப்பாளரின் கைப்பேசி எண்ணில் இருந்தது. ஒருமுறைக் கடவு எண் அவருக்குத்தான் போகும். அவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் போனால், மகள் வீட்டுக்கு பெங்களூரு போயிருந்தார். தொலைபேசியில் அழைத்தபோது பாவம், "அந்த நம்பரை எப்பவோ விட்டுட்டேனேம்மா" என்றார். புதிய எண்ணைப் பதிவு செய்ய கல்லூரி முதல்வரின் கடிதம் தேவைப்பட்டது. முதல்வர் பணியிடமோ அப்போது காலி, பொறுப்பு முதல்வர்தான் இருந்தார். அவருடைய கையொப்பம் ஏற்றுக்கொள்ளப்படுமா என்று ஒரு மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. நவம்பரில் தொடங்கியது பிப்ரவரியில் முடிந்தது. தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே அலுவலகத்துக்குப் போய், இந்த இரண்டு கணக்குகளும் யாரிடம் இருக்கின்றன, கடைசியாக எப்போது உள்நுழைந்தார்கள் என்று கேட்டு வைத்திருந்தால் நான்கு மாதம் மிஞ்சியிருக்கும்.

2025 ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருநாள், காப்பகத்துக்கு எதிர்ச்சாரியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது குறுஞ்செய்தி வந்தது. மாதம் 37,000 வீதம் நிலுவை முழுவதும் சேர்ந்து இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். முதலில் செய்தது நகையை மீட்டது. அசலோடு வட்டி 16,500. அன்றிரவு கணக்கு எழுதிப் பார்த்தேன். கட்டணங்கள் எல்லாம் சேர்த்து 46,500, சென்னைப் பயணங்கள் 58,000, கணினி 38,000, தேர்வு விண்ணப்பங்கள், அஞ்சல், படியெடுப்பு என்று 6,000, ஆக 1,48,500. அறக்கட்டளை கொடுத்ததைக் கழித்தால் 1,23,500 சொந்தப் பணம். விட்டுப்போன சம்பளம் இருபத்திரண்டு மாதத்துக்கு 2,64,000. ஜே.ஆர்.எஃப். மொத்தம் ஐந்தாண்டு, எனக்கோ பதிவின் ஆறாண்டு வரம்பு 2028 ஜூலையில் முடிகிறது. பெண்களுக்கு நீட்டிப்பு உண்டு என்றாலும் அதை நம்பி எழுதாமல் இருக்கப் போவதில்லை. ஆகவே அறுபது மாதத்தில் அதிகபட்சம் நாற்பத்தைந்து மாதம்தான் என் கைக்கு வரும். சேருவதற்கு முன்பே ஜே.ஆர்.எஃப். பெற்றவர்களுக்கு, விருதுக் கடிதம் வந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் ஆய்வில் சேர்ந்தால் போதும் என்ற அவகாசம் இருக்கிறது. முதுகலை இறுதியாண்டிலேயே தீவிரமாகத் தேர்வெழுதுங்கள் என்று இளையவர்களிடம் நான் நச்சரிப்பது இதனால்தான்.

மாதத் தொகையைத் தவிர இதரச் செலவுத் தொகை என்று ஒன்று உண்டு. கலைப் பாடங்களுக்கு முதல் இரண்டாண்டில் ஆண்டுக்கு 10,000 ரூபாய், அடுத்த மூன்றாண்டில் 20,500. பத்தாயிரம் என்பது எனக்கு ஒரு சென்னைப் பயணமும் சில்லறையும். அதை வாங்கவும் ரசீதுகள் வேண்டும். என் பெயரில், அந்த நிதியாண்டுத் தேதியில், ஜி.எஸ்.டி. எண்ணோடு இருந்தால் அலுவலகத்தில் கேள்வி கேட்க மாட்டார்கள். முதல் ஆண்டு நான் கொண்டுபோன துண்டுச்சீட்டுகளில் பாதி திரும்பி வந்தன. விடுதிக்கார அம்மா நோட்டுப் புத்தகத்துத் தாளில் எழுதிக் கொடுத்தது, வெயிலில் எழுத்து மறைந்துபோன படியெடுப்புக் கடை ரசீது, பெயரே இல்லாத புத்தகக் கடைச் சீட்டு. இப்போது ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறேன். வெப்பத்தாள் ரசீதுகளை வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுகிறேன். வீட்டு வாடகைப்படிக்கும் தனிச் சான்று தேவை. கல்லூரி விடுதியில் இருந்தால் அது கிடையாது.

2026 அக்டோபரில் உதவித்தொகையில் என் முதல் இரண்டாண்டு முடிகிறது. முதுநிலை உதவித்தொகைக்கு, அதாவது மாதம் 42,000-க்கு, உயர்த்த மூன்று பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழு கூடிப் பரிந்துரைக்க வேண்டும். அவர்களில் ஒருவர் வெளி வல்லுநர். அவருக்கு எந்த வாரம் ஒழியும் என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். புதிய மேக்கர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார் என்று நேற்றுத்தான் தெரிந்தது. அவருக்குப் பதிலாக யார் எண்ணைக் கொடுப்பது என்று பொறுப்பு முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.